லாக் கோப்புக்கு 'நிகழ்குறிப்பு'

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் மென்பொருள் தமிழாக்கத்தில், நடப்பதையெல்லாம் சர்வர் நேரத்தோடு வரிவரியாக எழுதிவைக்கும் லாக் கோப்பைப் 'பதிவு' என்றே சொல்லிவிடலாம் என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. பத்திரப்பதிவு, வலைப்பதிவு, ஒலிப்பதிவு என்று அந்தச் சொல்லின் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை. 'பிழைப் பதிவு' என்று திரையில் வந்தால், பிழையைப் பற்றிய பதிவா, பதிவே பிழையா என்று படிப்பவர் விழிப்பார்.

மூலச்சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டு தமிழாக்கலாம் என்பவர்களுக்கு: ஆங்கில 'லாக்'கில் இருப்பது வெறும் மரக்கட்டை. கப்பலின் வேகத்தை அளக்கக் கட்டையில் கயிறு கட்டிக் கடலில் வீசும் முறை 1574இல் வில்லியம் போர்னின் நூலிலேயே அச்சேறிவிட்டது. பிற்காலத்தில் கட்டைக்குப் பதில் கால்வட்டப் பலகை வந்தது. வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பதால் அது நீரில் நிமிர்ந்து நிற்கும். பலகை ஏறக்குறைய அங்கேயே நிற்க, கப்பல் விலகிச் செல்ல, உருளையிலிருந்து கயிறு அவிழ்ந்தோடும். சுமார் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் வடிவதற்குள் மாலுமியின் கைவழியே எத்தனை முடிச்சுகள் ஓடினவோ, அத்தனை 'நாட்' (ஆங்கிலத்தில் முடிச்சு) வேகம். அந்தக் கணக்கை எழுதிய ஏட்டுக்குக் கட்டையின் பெயரே ஒட்டிக்கொண்டது. பிறகு காற்று, திசை, வழியில் நடந்தவை எல்லாம் அதே ஏட்டில் ஏறின. (கணக்குப் பாடத்து லாக் வேறு குடும்பம். 1614இல் கணித அறிஞர் நேப்பியர் கிரேக்கச் சொற்களை இணைத்து உருவாக்கிய 'லாகரிதம்' என்பதன் சுருக்கம். அதற்கு நம்மிடம் 'மடக்கை' இருக்கிறது.)

ஆகவே கட்டையை விட்டுவிட்டு ஏட்டின் குணத்தைப் பார்ப்போம். நடந்தது நடந்த வரிசையில், நேரத்தோடு, உடனுக்குடன் ஏற வேண்டும். '04:12:07 – கடவுச்சொல் தவறு' என்ற வரியைப் பிறகு யாரும் மெருகேற்றுவதில்லை. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பைத் 'தினப்படி சேதிக் குறிப்பு' என்கிறோம். 'குறிப்பு' அங்கே எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது! 'தினப்படி' மட்டும் நமக்கு உதவாது. சர்வர் விநாடிக்கு நூறு வரி எழுதும்.

என் பரிந்துரை 'நிகழ்குறிப்பு'. வினைத்தொகை என்பதால் நிகழ்ந்தது, நிகழ்வது, நிகழப்போவது மூன்றுக்கும் இடம் கொடுக்கும். பிழை நிகழ்குறிப்பு, அணுகல் நிகழ்குறிப்பு என்று அடைமொழி சேர்த்தாலும் நாக்கு தடுக்கவில்லை. 'நிகழ்வுப்பதிவு' என்பதையும் எண்ணிப் பார்த்தேன்; கல்யாண வீடியோ நினைவுக்கு வருகிறது.

லாகின், லாகவுட் இரண்டையும் இதற்குள் இழுக்க வேண்டாம். 'புகுபதிகை', 'விடுபதிகை' தமிழ் விக்கிப்பீடியாவில் பழகிவிட்டன. பலருக்கு 'உள்நுழை' இன்னும் எளிது.

ஓர் இடத்தில் மட்டும் இடிக்கிறது. விண்டோஸில் உள்ள 'ஈவென்ட் லாக்' நம் கையில் 'நிகழ்வு நிகழ்குறிப்பு' ஆகித் திக்குகிறது. அங்கே முன்சொல்லையே விட்டுவிடலாமா, 'அமைப்பு நிகழ்குறிப்பு' என்று மாற்றலாமா? மொழிபெயர்ப்புக் கோப்பைப் பூட்டுவதற்குள் சொல்லுங்கள்.