எஸ்தர் ஏன் இரண்டு விருந்து வைத்தாள்?

சத்துவாச்சாரி தம்பி:
நேற்று ஒருவர், "சபைக் கணக்கைக் கேட்கப் பயப்படுகிறவன் விசுவாசியே இல்லை, எஸ்தர் மாதிரி முகத்துக்கு நேரே கேட்கணும்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். பைபிளில் ராணி எஸ்தர் எங்கே நேரே கேட்டாள்? மூன்று நாள் உபவாசம் இருந்து போனாள், என்ன வேண்டும் என்று ராஜா கேட்டால் விருந்துக்கு வாங்க என்றாள். அங்கேயும் சொல்லவில்லை, நாளைக்கும் வாங்க என்றாள். இரண்டாவது விருந்தில்தான், அவளுடைய யூத ஜனத்தையே அழிக்கத் திட்டம் போட்ட மந்திரி ஆமான் பேரே வெளியே வந்தது.

காட்பாடி அண்ணன்:
அந்த 'ஒருவர்' நான்தான், ஜாடை பேச வேண்டாம். கூப்பிடாமல் ராஜாவிடம் போனால் சாவு, பொற்செங்கோலை நீட்டினால்தான் உயிர். "நான் செத்தாலும் சாகிறேன்" என்று உள்ளே போனாளே, தைரியம் அங்கேயே முடிந்துவிட்டது. விருந்தெல்லாம் அப்புறம்.

சத்துவாச்சாரி தம்பி:
விருந்துதான் அண்ணே விஷயமே. நேரம் பார்த்துப் பேசினாள்.

காட்பாடி அண்ணன்:
நேரம் பார்க்கிறேன் என்று சொல்லியே நீங்களெல்லாம் 10 வருஷம் ஓட்டிவிட்டீர்கள். நீ மவுனமாயிருந்தால் சகாயம் வேறு இடத்திலிருந்து எழும்பும் என்று அவளை வளர்த்த மொர்தெகாய் சொன்னது உங்களுக்குத்தான்.

பாகாயம் அக்கா:
எஸ்தர் புத்தகத்தின் 10 அதிகாரத்திலும் தேவன் பெயரே கிடையாது, அதை வைத்து யார் விசுவாசி என்று அளக்கிறீர்களே. தீர்க்கதரிசி நாத்தானைப் பாருங்கள். அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடமே போய் "நீயே அந்த மனுஷன்" என்றான்.

சத்துவாச்சாரி தம்பி:
அதற்கு முன்னால், ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொன்னானே அக்கா! அதுவும் ஒரு விருந்துதான்.

காட்பாடி அண்ணன்:
கதை வேறு, விருந்து வேறு. எத்தனை விருந்து வைத்தாலும் வாசலைத் தாண்டின கால்தான் கணக்கு.

சத்துவாச்சாரி தம்பி:
கணக்கு என்றதும் ஞாபகம் வருது. போன அறுப்பின் பண்டிகையில், சபைக்கு வந்த காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் ஒரு சேவல் 4,200 ரூபாய்க்குப் போனது, கணக்குப் புத்தகத்தில் 2,400. வாசிக்கும்போது முன் வரிசையில் மடியில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு தலையாட்டியது யார்?

காட்பாடி அண்ணன்:
அது சுரைக்காய். பார்க்கவே தெரியாதவன் சாட்சி சொல்ல வருகிறான்.

தொரப்பாடி பையன்:
1806ல நம்ம வேலூர்க் கோட்டையில தொப்பி மாத்தினதுக்கே சிப்பாய்ங்க எழுந்தாங்க, நமக்கு மைக்கைப் பிடிச்சாலே கை நடுங்குது 😂

பாகாயம் அக்கா:
தொப்பி இல்லை தம்பி, தலைப்பாகை. மே மாதமே மறுத்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது, ஜூலை 10தான் கலகம்.

தொரப்பாடி பையன்:
தொப்பி மாதிரி இருந்ததாலதானே அக்கா சண்டையே?

காட்பாடி அண்ணன்:
தொப்பியை விடுங்கப்பா. இரண்டு விருந்து வைத்ததால் அவள் பயந்தாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

சத்துவாச்சாரி தம்பி:
பயந்தாள் என்று நான் எங்கே சொன்னேன்? பயந்தவர் சுரைக்காயோடு உட்கார்ந்திருந்தார்.

பாகாயம் அக்கா:
அந்தச் சேவலை எடுத்தவர் இன்னும் பணமே கட்டவில்லை என்கிறார்களே, உண்மையா?

காட்பாடி அண்ணன்:
அக்கா, இங்கே பேசுவது எஸ்தரைப் பற்றி.