புரமோட்டருக்குத் தமிழ்ச் சொல்: ‘முன்னிற்பவர்’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

கம்பெனிச் சட்டத்தில் வரும் ‘புரமோட்டர்’ (கம்பெனியைத் தொடங்கி வைப்பவர் அல்லது அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் நம் குழுவில் பேச்சு. ‘நிறுவனர்’ போதாதா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். இன்னொரு நண்பர் ‘தோற்றுவிப்பாளர்’ என்றார். இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

போன மாதம் நுங்கம்பாக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், படிவங்களைத் தமிழில் விளக்கிச் சொல்ல உட்கார்ந்திருந்தேன். மண்ணடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், கடையைப் பிரைவேட் லிமிடெட் ஆக்க மகனோடு வந்திருந்தார். ‘புரமோட்டர்’ என்று நான் சொன்னதும் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். “அது தாம்பரம் தாண்டி பிளாட் போட்டு விக்கிறவங்கதானே தம்பி? அதுல நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

அவர் கேட்டதில் தப்பில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் மனை போட்டு விற்பவரை புரமோட்டர் என்றுதான் சொல்கிறது. ஆகவே கடன்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதும் சரிப்படாது.

‘நிறுவனர்’ ஏன் போதாது? 2013 கம்பெனிச் சட்டத்தின் 2(69) பிரிவைப் பாருங்கள். பங்கு விற்க வெளியிடும் தகவலறிக்கையிலோ (பிராஸ்பெக்டஸ்), ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவத்திலோ (ஆனுவல் ரிட்டர்ன்) அப்படிப் பெயர் குறிக்கப்பட்டவர் புரமோட்டர். கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரும் புரமோட்டர். யார் சொல்படி இயக்குநர் குழு வழக்கமாக நடக்கிறதோ அவரும் புரமோட்டர்தான். தொழில்முறையில் மட்டும் ஆலோசனை சொல்லும் ஆடிட்டர், வக்கீலுக்கு மட்டும் இதில் விலக்கு. தாத்தா தொடங்கிய கம்பெனி இன்று பேரன் கையில் என்றால், நிறுவனர் தாத்தா, புரமோட்டர் பேரன். ‘தோற்றுவிப்பாளர்’ என்பதிலும் இதே சிக்கல் வரும்.

என் பரிந்துரை ‘முன்னிற்பவர்’. கல்யாணத்தை முன்னின்று நடத்துகிறோம். ஒருவர் கடன் வாங்கும்போது “நான் முன்ன நிக்கிறேன்” என்று பொறுப்பேற்கிறோம். அந்தப் பொறுப்புதான் சட்டத்தின் உயிர். பொய்த் தகவல் கொடுத்துக் கம்பெனியைப் பதிவு செய்தால் 7(6) பிரிவு முன்னிற்பவர்மேல் பாயும். அதே சட்டத்தின் 447ஆம் பிரிவின் கீழ் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. 1878இல் இங்கிலாந்தில் முடிந்த எர்லாங்கர் வழக்கு இன்னும் தெளிவானது. ஒரு குழு, பாஸ்பேட் என்ற உரக் கனிமம் கிடைக்கும் தீவை 55,000 பவுண்டுக்கு வாங்கி, தாங்களே உருவாக்கிய கம்பெனிக்கு 1,10,000க்கு விற்றது. பங்கு வாங்கியவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. விற்பனையே ரத்தானது. நம்பி வந்தவர்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பதுதான் முன்னே நிற்பவரின் முதல் கடமை.

பெரியவரிடம், “நீங்கள் முன்னே நிற்கிறவர்” என்றேன். உடனே, “அப்போ கடன்காரன் என்னைத்தான் கேப்பானா?” என்றார். இவ்வளவு சீக்கிரம் அவருக்கு விஷயம் பிடிபட்டது எனக்கே ஆச்சரியம். கம்பெனியின் கடனுக்குப் பொதுவாக உங்களைக் கேட்க முடியாது. ஆனால் பதிவாகும் முன்பே அதன் பேரில் சரக்கு எடுத்தால் அந்தப் பாக்கி உங்கள் தலையில் விழலாம் என்றேன். இன்னும் பிறக்காத ஓட்டல் கம்பெனிக்காக ஒயின் வாங்கியவர்களே சொந்தமாகப் பணம் கட்ட வேண்டும் என்று 1866இலேயே ஓர் ஆங்கிலேயத் தீர்ப்பு இருக்கிறது. நம் நாட்டில் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) கொஞ்சம் இடம் தருகிறது: பதிவான பிறகு கம்பெனி அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டு எதிர்த்தரப்புக்கும் தெரிவித்தால், அதை நிறைவேற்றச் சொல்லிக் கம்பெனியும் கேட்கலாம், எதிர்த்தரப்பும் கம்பெனியைக் கேட்கலாம்.

சரி, பின்னால் இருந்து ஆட்டுவிப்பவரை எப்படி ‘முன்னிற்பவர்’ என்பது? இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஒளிந்திருந்தாலும் அவரைச் சட்டம் முன்னே இழுத்து நிறுத்துகிறது. அதனால் சொல் இன்னும் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது.

அப்புறம், பெயர்ச்சொல்லாக ‘முன்னிற்பு’ வைத்துக்கொள்ளலாமா, ‘முன்னிற்பாளர்’ என்று ஆக்குவது முறையா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.