மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு: வென்றது மக்களா, நீதிமன்றமா?

கேள்வி:
1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மான்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். ஆனால் பேருந்துகளில் வெள்ளையருக்கும் கறுப்பர்களுக்கும் தனித்தனி இருக்கை என்ற நிறப் பிரிவினையை முடித்துவைத்தது உச்ச நீதிமன்றம்தான் என்றால், ஓராண்டுக்கு மேல் அவர்கள் பட்ட பாட்டுக்கு என்ன பயன்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
உச்ச நீதிமன்றம் வரை சென்றது பார்க்ஸின் வழக்கு அன்று. அவருடைய மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களிலேயே இழுத்தடிக்கப்படலாம் என்பதால், வழக்கறிஞர் பிரெட் கிரே 1956 பிப்ரவரி 1 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வேறொரு வழக்கைத் தொடுத்தார். அதன் வாதிகளுள் ஒருவர், பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே எழ மறுத்துக் கைதான 15 வயது மாணவி கிளாடெட் கால்வின். அவர் பெயர் வெகுகாலம் பேசப்படாமலே போனது பெரும் அநீதி.

மறுமொழி 2:
அந்த வழக்குக்கு வழிவிட்டதே புறக்கணிப்புதான். தொடக்கத்தில் போராட்டக்காரர்கள் பிரிவினையை ஒழிக்கும்படி கேட்கவில்லை. ஓட்டுநர்கள் மரியாதையாக நடத்த வேண்டும், முதலில் வருபவர் முதலில் அமர வேண்டும், கறுப்பர்கள் மிகுதியாகச் செல்லும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்த வேண்டும் என்பவையே கோரிக்கைகள். இவ்வளவு எளிய கோரிக்கைகளுக்கும் நகர நிர்வாகம் இணங்காதபோதுதான், பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்து வழக்காடுவது என்ற முடிவுக்கு வந்தார்கள். வழக்குத் தொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு புறக்கணிப்பை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மறுமொழி 3:
அன்றாட ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே கறுப்பின டாக்ஸி ஓட்டுநர்கள் ஆட்களை ஏற்றிச் சென்றபோது, குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகர நிர்வாகம் அதைத் தடுத்தது. உடனே சொந்தக் கார்களைத் திரட்டினார்கள். ஏறக்குறைய 300 கார்கள் ஓடின. அவற்றின் காப்பீடு ரத்தானபோது லண்டனின் லாயிட்ஸ் மூலம் புதிய காப்பீடு பெற்றார்கள். கடைசியில் கார் ஏற்பாட்டுக்கே தடை கேட்டு நகர நிர்வாகம் நீதிமன்றம் சென்றது. 1956 நவம்பர் 13 அன்று அந்த விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே உச்ச நீதிமன்றத் தீர்ப்புச் செய்தி வந்தது. ஆயினும் அன்றே தடையும் விதிக்கப்பட்டது; தீர்ப்பின் ஆணை நகருக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆயிற்று. வழக்கில் வென்ற பிறகும், கார் ஏற்பாடு இல்லாத அந்த ஐந்து வாரங்களிலும், அவர்கள் பேருந்தில் ஏறவில்லை.