வண்டலூர் ரயிலுக்கும் கண்டிகைப் பேருந்துக்கும் இணைப்புக் கிடைக்க வழி உண்டா?

கண்டிகைவாசி:
வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலுள்ள கண்டிகையில் குடியிருக்கும் நான், எழும்பூரிலுள்ள அலுவலகத்திற்கு வண்டலூரில் மின்சார ரயில் ஏறிச் செல்கிறேன். மாலையில் ரயிலை விட்டிறங்கி, நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கி நிறுத்தத்தை அடைவதற்குள், பேருந்தின் பின்விளக்குகள் மட்டுமே கண்ணில் படுகின்றன. அடுத்த பேருந்துக்கு அரை மணி நேரத்திற்கு மேல் காத்திருக்க நேர்கிறது. இதற்கு என்ன செய்யலாம்?

மாம்பாக்கம் பயணி:
புதிய வழித்தடம் கேட்பதைவிட, இருக்கும் பேருந்துகளின் நேரத்தை மாற்றக் கேட்பதே எளிது என்பது என் கருத்து. ரயில் வந்து பத்து நிமிடம் கழித்துப் பேருந்து புறப்பட்டால், கைக்குழந்தையுடன் படியிறங்கி வருபவருக்கும் இடம் கிடைக்கும். ஒரு வாரம் ரயில் வந்த நேரத்தையும் பேருந்து கிளம்பிய நேரத்தையும் குறித்து மனுவுடன் இணையுங்கள். வெறும் புகாரைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

ஊரப்பாக்கத்தார்:
2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டங்களிலிருந்து வருவோரும் அங்கேயே இறங்குகிறார்கள். ஆகவே கண்டிகைப் பேருந்துகளில் சில அம்முனையத்திலிருந்து புறப்பட்டு, வண்டலூர் நிலையத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்றும் மனுவில் சேருங்கள்.

கண்டிகைவாசி:
நன்றி. திங்கட்கிழமை முதல் நேரம் குறிக்கத் தொடங்குகிறேன். காலை நேரத்தை மாம்பாக்கம் நண்பர் குறித்துத் தர இயலுமா?