பொருள்: அந்த சர்வேயை ஊருக்குள் படிக்கச் சொல்வோம்

உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

"காந்திகிராமப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருந்து நம்மூருக்கு என்ன லாபம்?" என்று துபாய் மாப்பிள்ளை கேட்டிருந்தார். காந்திகிராமத்தை நிறுவிய சௌந்தரம் அம்மா 1947-ல் சின்னாளபட்டியில் முதலில் ஆரம்பித்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரி, மாப்பிள்ளை. அதுதான் இன்றைய கஸ்தூர்பா ஆஸ்பத்திரி. டி.வி.எஸ். கம்பெனி சுந்தரம் ஐயங்கார் மகள், டாக்டருக்குப் படித்தவர். ஊரகக் கல்வி நிலையம் 1956-ல்தான் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இந்தக் குழுவில் கஸ்தூர்பா ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் கை தூக்கினால் பாதிப்பேர் தேறுவோம். நீங்களும்தான்!

1960-களில் ஆத்தூர் ஒன்றியத்தில் வீடு வீடாகப் போய்க் குடும்பநலம் பேசியதும் காந்திகிராமத்து ஆட்கள்தான். அன்றிலிருந்து நம் பக்கத்து ஜனங்களுக்கு நோட்டுப்புத்தகத்தோடு யாராவது வந்தாலே தெரிந்துவிடும்: கணக்கெடுப்பு. எத்தனை மாடு, கக்கூஸ் இருக்கா, ரேஷன் கார்டு என்ன கலர்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது கிராமத் தங்கலுக்கு (ஊரில் சில நாள் தங்கிப் படிக்கும் பயிற்சி) வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் மந்தையில் கோலப்பொடியால் ஊர்ப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஓடையை நேர்கோடாக இழுத்துவிட்டது ஒரு பெண். மேலத்தெருப் பெரியம்மா குச்சியை வாங்கி, "இங்க வளையும் தாயி, இந்த வளைவைத்தான் தூர்த்துட்டானுங்க, அதான் மழைக்குத் தண்ணி காலனிக்குள்ள வருது" என்று அழித்துப் போட்டது. நாலு பேர் சண்டைக்கு வந்தார்கள், ரெண்டு பேர் பெரியம்மா பக்கம். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்மூரைப் பற்றி இவ்வளவு விவரம் எழுதி வைக்கிறார்கள், நாம் யாரும் ஒரு பிரதி கேட்டதில்லை. நிழற்குடையில் சங்கத்தின் பெயர் எழுத ரெண்டு வருஷமாக வசூல் செய்கிறோம். (பெயிண்ட் நிறத்துக்கு மட்டும் முப்பது மடல்!) அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தங்க இடமும் ஊரே ஏற்கட்டும். பதிலுக்கு, எடுத்த சர்வேயை அக்டோபர் 2 கிராம சபையில் அவர்களே தமிழில் படிக்கட்டும். படித்துவிட்டால் ஊராட்சித் தலைவரிடம் அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். ஓடை விஷயமும் அதில் வந்துவிடும்.

ஊரில் இருக்கும் பொருளாளர் சித்தப்பா பல்கலைக்கழகத் துறைத்தலைவரைப் பார்த்துப் பேசத் தயார் என்கிறார். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். ஆட்சேபணை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். நிழற்குடை நிறம் பற்றித் தனி மடல் போடவும்.

அன்புடன்,
கீழத்தெரு வாத்தியார் மகள், சிங்கப்பூர்