ஜிலிப்சிக்குள் ஸ்டர்எல்காப்பி வந்தபோது உங்கள் பில்டு என்ன ஆனது?

பஃபரின் (எழுத்துகளை வைக்கும் நினைவக இடம்) அளவைத் தாண்டாமல் ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் சி ஃபங்ஷன் ஸ்டர்எல்காப்பி (strlcpy), ஒட்டுவது ஸ்டர்எல்கேட் (strlcat). 1998-இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் 2.4-இல் வந்த இரண்டும் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சிக்கு (glibc) வந்து சேர 2023 ஆனது, 2.38 பதிப்பில். அந்த அப்கிரேடில் அடிபட்டவர்கள் எழுதுங்களேன்.

— எங்கள் பழைய சர்வீஸ் ஒன்றில் யாரோ எப்போதோ எழுதிய சொந்த ஸ்டர்எல்காப்பி இருந்தது, ஹெடரிலேயே ஸ்டேட்டிக்காக. பில்டு மெஷினை ஃபெடோரா 39-க்கு மாற்றியதும் ஒரே எர்ரர். சிஸ்டத்தின் ஸ்ட்ரிங் ஹெடரே இப்போது அந்தப் பெயரை அறிவித்துவிடுகிறது, இரண்டும் மோதுகின்றன. நூலகத்தில் இல்லாவிட்டால் மட்டும் நம்முடையதைச் சேர்க்கும்படி கான்ஃபிகர் ஸ்கிரிப்டை மாற்றினோம், பில்டு ஓடியது.

சுவாரஸ்யம் அப்புறம்தான். அசல் ஃபங்ஷன் திருப்பித் தருவது சோர்ஸ் ஸ்ட்ரிங்கின் முழு நீளம். 16 பைட் பஃபரில் 20 எழுத்து ஹோஸ்ட்நேமைப் போட்டால் 15 எழுத்தும் முடிவு பூஜ்யமும் உள்ளே போகும், கைக்கு 20 வரும். பஃபர் அளவைவிடக் குறையாததால் வெட்டுப்பட்டது தெரியும். எங்கள் நகலோ 15 என்றே சொல்லிக்கொண்டிருந்தது! நீளத்தைச் சரிபார்க்கும் வரிகள் கோட் முழுக்க இருந்தன, ஒன்றுகூட வேலை செய்யவில்லை. நூலகத்துக்கு மாறிய பிறகுதான் லாகில் எச்சரிக்கைகளே வர ஆரம்பித்தன.

— எனக்கு வேறு தலைவலி. உபுண்டு 24.04-இல் பில்டு செய்த பைனரி, வாடிக்கையாளரின் 22.04-இல் ஜிலிப்சி 2.38 வேண்டும் என்று நின்றுவிட்டது. அங்கே இருப்பது 2.35. ஸ்டர்எல்காப்பியை நீக்கியும் தீரவில்லை, ஜிலிப்சியின் கூடுதல் வசதிகளைத் திறக்கும் குனு சோர்ஸ் மேக்ரோ (_GNU_SOURCE) போட்டிருந்ததால், எழுத்தை எண்ணாக்கும் ஸ்டர்டால்கூட (strtol) 2.38-இன் புதிய சிம்பலைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் 22.04 கன்டெய்னரில் பில்டு செய்து அனுப்பினேன்.

— ஸ்டர்எல்காப்பியைச் சேர்க்க இத்தனை வருஷம் மறுத்த ஜிலிப்சிக்காரர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் சத்தமில்லாமல் வெட்டுவதும் பிழைதான் என்ற அவர்கள் வாதத்தில் விஷயம் இருக்கிறது, மேலே 15 சொன்ன கதையைப் பாருங்கள். நீளம் சொல்வதற்காக சோர்ஸை முடிவு வரை படிப்பதும் இதன் குறை. லினக்ஸ் கர்னல் 6.8-இல் இதையே தூக்கிவிட்டு, கர்னலின் சொந்த நகலெடுப்பு ஃபங்ஷனான ஸ்டர்எஸ்காப்பியோடு (strscpy) நிறுத்திக்கொண்டார்கள். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸ் சேர்த்துக்கொள்ள முடிவெடுத்த பிறகுதான் ஜிலிப்சி இறங்கி வந்தது. என்னைக் கேட்டால், ஆளுக்கொரு நகல் எழுதுவதைவிட குறையோடு ஒரே ஃபங்ஷன் இருப்பது மேல். டெபியன் 12-இல் ஜிலிப்சி 2.36-தான், அதில் இருப்பவர்கள் சொந்தமாக எழுதாமல், பிஎஸ்டி ஃபங்ஷன்களைத் தரும் லிப்பிஎஸ்டி (libbsd) நூலகத்தை லிங்க் செய்துகொள்ளுங்கள்.