குற்றத் தொடர் மறு ஒளிபரப்பு: அன்னைக்கு வந்ததும் இன்னைக்கு வர்றதும்

ஈரோடு, எடிட்டிங் வேலை

மறு ஒளிபரப்புன்னா பழைய டேப்பை அப்படியே எடுத்து ஓட்டறதுன்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. நெசமா நடந்த குற்றத்தைக் காட்டற தொடர்ல அது அபூர்வமுங்க. மொதல் கத்திரி நேரத்துக்காக விழுகுது. அமெரிக்காவுல 1980கள் கடைசியில ஒரு மணி நேர நிகழ்ச்சியில விளம்பரம் போக 48 நிமிசம் அளவுக்குச் சரக்கு இருக்கும். 2000களுக்கு வந்தா அது 42, 44ன்னு சுருங்கிப் போச்சு. பழைய எபிசோடைப் புது ஸ்லாட்டுல அடைக்க 4 நிமிசமாவது போகணும். கொலைக் காட்சி போகாதுங்க, அதை நம்பித்தானே விளம்பரம். இடைவேளை முடிஞ்சதும் கதையைத் திருப்பிச் சொல்ற பகுதியில ஒரு வெட்டு, அக்கம்பக்கத்தார் பேட்டியில ஒரு வெட்டு. மொதல் வெட்டுல நட்டமில்லை. ரெண்டாவதுலதான் வம்பு. சந்தேகத்துக்கு ஆளானவருக்குச் சாதகமா ரெண்டு வார்த்தை பேசறது பெரும்பாலும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் போயிட்டா கதை ஒருபக்கமாச் சாஞ்சிரும்.

வெட்டாம வேகத்தைக் கூட்டற வேலையும் நடக்குதுங்க. 48 நிமிசத்தை 7 விழுக்காடு வேகமா விட்டா 44 நிமிசம் 52 நொடியில முடிஞ்சிரும். சுருதியை மென்பொருள் சரி பண்ணீரும், அதனால குரல் கீச்சுன்னு கேக்காது. பேச்சுக்கு நடுவுல மூச்சு வாங்கற இடைவெளி குறுகிப் போறதுதான் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தா தலைப்பிசையை ஸ்டாப்வாட்ச்ல அளந்து பழைய பதிவோட ஒப்பிடுங்க. 60 நொடி இசை 56ல முடிஞ்சா விசயம் அதுதான். பிலிம்ல எடுத்ததை நொடிக்கு 24 பிரேம்ல இருந்து நம்ம 25 பிரேமுக்கு மாத்தறப்ப வர்ற 4 விழுக்காடு வேகம் தனிக் கணக்கு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

கோவை, டிவி மெக்கானிக்

நேரத்துக்கு விழுந்த வெட்டை எடிட்டர் சொல்லிட்டாருங்க. படத்துல விழுகிற வெட்டை நான் சொல்றேன்.

பழைய தொடரெல்லாம் 4:3. இப்ப இருக்கற டிவி 16:9. ஒழுங்காப் போட்டா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரணும். 1920 அகலத்துல ஒரு பக்கத்துக்கு 240 பிக்சல். கறுப்புப் பட்டை வந்தா பார்க்கறவங்க டிவி ரிப்பேர்னு நினைச்சுக்குவாங்கன்னு சேனல்காரங்களுக்குப் பயம். ஒண்ணு, இழுத்து விடுவாங்க. மூஞ்சி மூணுல ஒரு பங்கு அகலமாகி எல்லாரும் புட்டுக்கன்னமாத் தெரிவாங்க. இல்லைன்னா பெருசாக்கி மேலயும் கீழயும் எட்டுல ஒரு பங்கு வெட்டுவாங்க.

குற்றத் தொடருக்கு இந்த ரெண்டாவதுதான் கெடுதல். அந்தக் காலத்துல எழுத்து போடறவங்க ஓரத்துல 10 விழுக்காடு இடம் விட்டுத்தான் போட்டாங்க. இப்ப வெட்டறது 12.5 விழுக்காடு. கீழ் வரி அரைகுறையாப் போயிருது. அந்த வரியிலதான் தேதி, ஊரு, "சித்திரிக்கப்பட்ட காட்சி" எல்லாம் இருக்கும். அது மறைஞ்சா நடிகரைப் போட்டு எடுத்ததை நெசமான வீடியோன்னு நம்பறவங்களும் உண்டு. இழுத்த படத்தை ரிமோட்டுல படஅளவு 4:3ன்னு மாத்தினா சரியாயிரும். வெட்டின படத்துக்கு எந்த பட்டனும் கிடையாதுங்க, போனது போனதுதான்.

நாமக்கல், பழைய அமெரிக்கத் தொடர்கள்

ஒரே தொடர் எத்தனை அவதாரம் எடுக்கும் என்பதற்கு, துலங்காத வழக்குகளைக் காட்டும் அன்சால்வ்டு மிஸ்டரீஸை விட நல்ல சாட்சி கிடையாது. 1987இல் என்பிசி சேனலில் தனி நிகழ்ச்சியாக வந்தபோது தொகுத்து வழங்கியவர் ரேமண்ட் பர். அடுத்து கார்ல் மால்டன். அதன்பின் வந்த ராபர்ட் ஸ்டாக்தான் பலருக்கும் அதன் முகம். பிறகு தொடர் சிபிஎஸ், லைஃப்டைம் சேனல்களுக்கு மாறியது. ஸ்டாக் 2003இல் மறைந்தார். 2008இல் ஸ்பைக் சேனல் டென்னிஸ் ஃபரினாவை வைத்து எடுத்தபோது வழக்குகள் பெரும்பாலும் பழையவை, தொகுப்பாளர் மட்டும் புதியவர். பழைய துண்டுகளைக் கலைத்து, சுருக்கி, வேறு வரிசையில் அடுக்கினார்கள். ஆகவே "அந்த எபிசோடில் அந்த வழக்கு வந்ததே" என்று தேடுபவர் ஏமாறுவார். எபிசோட் எண்ணை விட்டுவிட்டு வழக்கின் பெயரை வைத்துத் தேடுங்கள். 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது முற்றிலும் வேறு. தொகுப்பாளரே இல்லை, ஒரு எபிசோடுக்கு ஒரு வழக்கு.

இந்தத் தொடரின் மறு ஒளிபரப்பில் ஒரு நல்லதும் உண்டு. வழக்கு முடிந்திருந்தால் துண்டின் கடைசியில் அந்தச் செய்தியைச் சேர்த்துவிடுவார்கள். முதல் ஒளிபரப்பில் பார்த்தவருக்கு விடை கிடைக்காமலே போயிருக்கும். ஆனால் சேர்த்ததும் அந்தந்த ஆண்டோடு நின்றுபோகும். 1995இல் ஒட்டிய செய்தி 2005இல் அதே வார்த்தையில்தான் ஓடும்.

தேடப்படும் குற்றவாளிகளைக் காட்டும் தொடருக்கு மறு ஒளிபரப்பு அவ்வளவாகச் சரிவராது. அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட் 1988 பிப்ரவரி 7இல் தொடங்கியது. முதல் எபிசோடில் காட்டிய ஆள் நான்கே நாளில் பிடிபட்டார். அதைத் திரும்பப் போட்டால் ஏற்கெனவே பிடிபட்டவரைப் பற்றித்தான் தகவல் கேட்க வேண்டிவரும்.

திருப்பூர், வழக்கறிஞர்

வெட்டும் வேகமும் போகட்டும். சட்டக் கண்ணில் பார்த்தால் மறு ஒளிபரப்பின் பெரிய சிக்கல், தீர்ப்பு மாறிய பிறகும் பழைய குரல் மாறாமல் பேசுவதுதான்.

நம் பக்கத்து வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதி மாறி மணந்த உடுமலைப்பேட்டை சங்கர் கொலை நடந்தது 2016 மார்ச் 13. திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பர் 12இல் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆறு பேரில் சங்கருடைய மனைவியின் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018இல் தயாரான ஒரு நிகழ்ச்சி "ஆறு பேருக்குத் தூக்கு" என்று முடிந்தால், அன்று அது சரி. அதே முடிவை மாற்றாமல் 2021இல் ஓட்டினால், உயர் நீதிமன்றம் விடுவித்த ஒருவரை மரண தண்டனைக் கைதி என்று சொல்கிறோம். தீர்ப்பு பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பது வேறு பேச்சு. திரையில் ஒரு வரி சேர்க்கச் செலவு ஒன்றுமில்லை. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கிலும் இதே கதைதான். 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. 2019இல் எடுத்த எந்த நிகழ்ச்சியிலும், அவர்களில் அப்போது கைதாகியிருந்தவர்கள் குற்றம்சாட்டப்பட்டவர்கள்தான்.

அடுத்தது பெயர். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ தடுத்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 72. குழந்தைகள் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. இறந்துபோனவரின் பெயரைச் சொல்லலாம் என்று பலர் நினைத்திருந்தார்கள். 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுவாக அதற்கும் இடமில்லை என்றது. ஆகவே அதற்கு முந்தைய எபிசோடுகளை அப்படியே ஓட்டுவது ஆபத்து. "முன்பே ஒளிபரப்பானதுதானே" என்ற சமாதானம் எடுபடாது.

பல்லடம்

வக்கீல் சொன்னதுக்கு ஒட்டு. பீப் போடறதுலயும் ஓட்டை இருக்குதுங்க. குரல்ல ஊர்ப் பேரை அழிச்சிருப்பாங்க. பின்னாடி நிக்கிற டவுன் பஸ்ஸோட போர்டுல ஊரு பளிச்சுன்னு தெரியும். ரேசன் கடைச் சுவரு, பஞ்சாயத்துத் தண்ணித்தொட்டி, பள்ளிக்கூட வாசல் வளைவு, இது மூணையும் மறைக்க மறந்தா பீப் போட்டதே வீண். அம்மா அப்பா முகத்தைத் தெரிய விட்டுட்டுப் புள்ளை முகத்தை மட்டும் மறைக்கறதும் அப்படித்தான், ஊர்ல யாருக்குத் தெரியாதுங்க?

கரூர்

பாட்டை விட்டுட்டீங்களே. தமிழ் நிகழ்ச்சிகள்ல சோகத்துக்கு ஒரு சினிமாப் பின்னணி இசை ஓடும். அதையே யூடியூப்ல ஏத்தறப்ப உரிமைப் பிரச்சினை வரும், அதனால மாத்தீருவாங்க. பேச்சும் இசையும் தனித்தனித் தடமா இருந்தா சுளுவு. ஒண்ணாக் கலந்து வெச்ச டேப்னா அந்த இடத்துல பேச்சையும் சேர்த்து மௌனமாக்கீர்றதும் உண்டு. நடுவுல 20 நொடி சத்தமே இல்லாமப் போனா உங்க ஸ்பீக்கரைத் தட்டாதீங்க.

சோமனூர், கேபிள்

எந்த வருச எபிசோடுன்னு தெரியலைன்னா கண்ணுக்கு முன்னாடியே துப்பு இருக்குதுங்க. தாராபுரத்தை ஈரோடு மாவட்டம்னோ பல்லடத்தைக் கோவை மாவட்டம்னோ சொன்னா அது 2009க்கு முந்தினது, திருப்பூர் மாவட்டம் அப்பத்தான் பிறந்துச்சு. திருச்செங்கோட்டைச் சேலம் மாவட்டம்னா 1997க்கு முன்னாடி. போலீஸ் பிடிச்ச பணத்துல பழைய 1000 ரூவாக் கட்டு இருந்தா பெரும்பாலும் 2016 நவம்பருக்கு முன்னாடி. திரையில வர்ற கோவை நம்பர் 6 இலக்கம்னா 2000களோட தொடக்கம், இல்லாட்டி அதுக்கும் முந்தினது. அப்புறந்தான் முன்னாடி 2 சேர்த்து 7 இலக்கமாச்சு. அந்த நம்பருக்கு இப்பக் கூப்பிட்டுத் தகவல் சொல்லாதீங்க, யாரு எடுப்பாங்கன்னு தெரியாது.

மொதல் ஒளிபரப்பு கேசட் யாருகிட்டயாவது இருந்தா தூக்கிப் போட்டராதீங்க. அதுல விளம்பரம், கீழ ஓடற செய்தி, நம்ம லோக்கல் ஜவுளிக்கடை ஸ்க்ரோல் எல்லாமே தேதிக்குச் சாட்சி, சேனல்காரங்ககிட்டக் கூட இருக்காது. பூஞ்சை வெள்ளையாப் பூத்திருந்தா பிளேயர்ல போடவே கூடாது, டேப்பைப் படிக்கற ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை இல்லைன்னா மொதல்ல ஒருதரம் முழுசா ஓட்டிச் சுத்தி, டேப் இறுக்கம் சீராகட்டும். கம்ப்யூட்டருக்கு மாத்தறப்ப 720க்கு 576 பிக்சல், நொடிக்கு 25 பிரேம், இன்டர்லேஸ் (ஒரு படத்தை ஒண்ணுவிட்டு ஒரு வரியா ரெண்டு பாதியாக் காட்டறது) அப்படியே இருக்கட்டும், பதிவு பண்றப்ப அதைக் கலைக்காதீங்க. டிவி முறையில எடுத்தா மணிக்கு 13 ஜிபி ஆகும்.

ஈரோடு, எடிட்டிங் வேலை

அங்க 'டிவி முறை'ன்னு சோமனூர்க்காரர் சொல்றது டெலிவிசன் இல்லைங்க, கேம்கார்டர் கேசட்டுக்கு வந்த டிஜிட்டல் வீடியோ வடிவம். இன்னொண்ணு: செட்டாப் பாக்ஸ்ல பென்டிரைவ் சொருகிப் பதிவு பண்ணினது பெரும்பாலும் அந்தப் பாக்ஸ்ல மட்டுந்தான் ஓடும். பாக்ஸ் மாத்தறதுக்கு முன்னாடி பார்த்து முடிச்சிருங்க.